துறைக்குத் தூரம்: பூச்சியம்

"அல்ஹம்துலில்லாஹ். துறைக்குத் தூரம் 0. ஆள் வந்திட்டார். சோறு கொண்டு வாங்க."

கிண்ணியாவைச் சேர்ந்த படகு முதலாளி நௌபர் நானா ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் என் கைபேசிக்கு அனுப்பிய செய்தி இது. அன்றைக்கே அதை அச்செடுத்து வைத்தேன். நான் போட்டோ கொப்பிக் கடை வைத்திருப்பவன். கைபேசியில் மட்டும் இருந்தால் எனக்கு இருப்பது போலவே இராது, தாளில் வரவேண்டும். தாளின் மேல்மூலையில் நாளும் நேரமும் தெளிவாக இருக்கின்றன.

அவற்றை இங்கே தரப்போவதில்லை. இந்த வார இதழில் நான் எழுதிவரும் தொடரில் திகதிகள் கூடிப்போய், பஞ்சாங்கம் வாசிப்பதுபோல இருக்கிறது என்று வாசகர் ஒருவர் ஆசிரியருக்கு எழுதியிருக்கிறார். ஆசிரியர் ஒரு சொல்லும் சேர்க்காமல் அந்தக் கடிதத்தை எனக்கு அனுப்பிவைத்தார். ஆகவே இப்படிச் சொல்கிறேன்: மழை விட்டுப்போய், வாடைக்காற்று தணிந்து, கடல் மட்டும் இன்னும் முழுதாக அடங்காத வாரங்கள்.

நௌபர் நானா பொய் எழுதவில்லை. கண்ணால் கண்டதைத்தான் எழுதினார். ஆனால் ஆள் வந்திருக்கவில்லை.

வெள்ளைப் பெட்டி

வரவேண்டிய ஆள் என் தம்பி தேவன். படகு இஞ்சின் திருத்துகிறவன். உள்துறைமுகத்துக்குப் போகும் வீதியில் முன்பக்கம் என் கடை, பின்பக்கம் வீடு. அந்த வீட்டின் பின்னறை அவனுடையது. கல்யாணம் கட்டவில்லை. அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னோடு பிறந்தது என்று எனக்கு மிஞ்சியிருப்பவன் அவன் ஒருவன்தான்.

அவன் வழக்கமாகக் கரையில் வேலை செய்கிறவன். அந்த முறை நானாவின் பலநாள் படகில் இஞ்சின் பார்ப்பவருக்குக் காய்ச்சல். ஐஸ் ஏற்றியாகிவிட்டது, படகை நிறுத்த ஏலாது. "ரெண்டு கிழமை, பதினாலு நாள்தானே அண்ணை" என்று சொல்லி, இரண்டு சாரமும் இஞ்சின் கழற்றும் சாவிப்பெட்டியும் எடுத்துக்கொண்டு ஏறிவிட்டான்.

இப்படிப் போகும் படகுகளின் கூரையில் இப்போது ஒரு வெள்ளைப் பெட்டி பூட்டியிருக்கும். அது செய்மதி வழியாகப் படகு நிற்கும் இடத்தைச் சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை சொல்லும். நானாவின் கைபேசியில் அது ஒரு கோடாக ஓடும்: கீழே நாட்கள், பக்கத்தில் துறைக்கு எத்தனை கிலோமீற்றர் என்று. விடியலில் சுபஹ் தொழுதுவிட்டு அன்றைய எண்ணை எனக்கு அனுப்புவார். அவரிடம் அதைக் கேட்டு வாங்கியது நான். அப்படிக் குறித்து வைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்று என் மனைவி வதனி சொல்வாள்.

எண்கள் முதலில் ஏறின. அறுநூறு அளவில் போய் ஒரு கிழமை அப்படியே கிடந்தன, அங்கேதான் மீன். பிறகு இறங்கின. வியாழன் காலை நானூறு. வெள்ளி காலை பூச்சியம்.

வாசிக்கும் உங்களுக்கு இந்த இடத்தில் ஏதோ இடிக்கலாம். எங்களுக்கு இடிக்கவில்லை. நான் உடனே சந்தைக்குப் போய் நண்டு வாங்கினேன்.

சிவப்பு மை

வதனி ஆசிரியை. உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறாள். அந்தக் கிழமை தவணைப் பரீட்சைத் தாள்கள் திருத்திக்கொண்டிருந்தாள். வினாத்தாளை அடித்துக் கொடுத்தது என் கடைதான் என்பதால் அந்தக் கேள்வி எனக்கு இன்னும் மனப்பாடம். மெஷினிலிருந்து தாள்கள் சுடச்சுட வந்து விழ, பிழையாக விழுந்தவற்றுக்காக வாசலில் இரண்டு மான்கள் காத்து நின்றன. எங்கள் ஊர் வீதிகளில் திரியும் மான்களுக்குப் புல்லைவிடக் கடதாசியில் ஆசை.

கேள்வி இது. ஒரு சார்பு மூன்று துண்டுகளாகத் தரப்பட்டிருக்கிறது. x, −3 இலிருந்து 0 வரை போகும்போது (−3 சேரும், 0 சேராது) சார்பு x + 1. 0 இலிருந்து 2 வரை, இரு முனையும் சேர, அது 4. 3 ஐத் தாண்டி 6 வரை, 6 சேர, அது 6 − x. வரைபை வரைக. ஆட்சியையும் வீச்சையும் காண்க.

கணிதத்தை விட்டு நாளாகிப்போன வாசகர்களுக்காக: எந்த x களுக்குச் சார்பில் பெறுமானம் உண்டோ அவை எல்லாம் சேர்ந்து ஆட்சி. அப்படி வந்த பெறுமானங்கள் எல்லாம் சேர்ந்து வீச்சு. வரைபின் நிழலைத் தரையில் விழுத்திப் பார்த்தால் ஆட்சி, பக்கச் சுவரில் விழுத்திப் பார்த்தால் வீச்சு என்று வதனி வகுப்பில் சொல்வாளாம்.

வரைவது இலகு. முதல் துண்டு −2 உயரத்தில் நிரப்பிய புள்ளியோடு தொடங்கி மேலே ஏறும். 1 ஐத் தொடப்போகும் இடத்தில் வெறும் வட்டம், ஏனென்றால் 0 அந்தத் துண்டுக்குச் சொந்தமில்லை. இரண்டாவது, 4 உயரத்தில் படுத்த கோடு. இரண்டு முனையிலும் நிரப்பிய புள்ளி. மூன்றாவது, 3 உயரத்தில் வெறும் வட்டத்தோடு தொடங்கிச் சரிந்து இறங்கி, 0 இல் நிரப்பிய புள்ளியோடு முடியும்.

தரையில் நிழல்: −3 இலிருந்து 2 வரை, பிறகு வெளி, பிறகு 3 ஐ விட்டுவிட்டு 6 வரை. சுவரில் முதல் துண்டின் நிழலும் மூன்றாவதின் நிழலும் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஆகவே −2 இலிருந்து 3 வரை, 3 சேராது. அதற்கு மேலே தனியாக ஒரு 4.

பொறி, 2 க்கும் 3 க்கும் நடுவில். அங்கே எதுவும் தரப்படவில்லை. வகுப்பில் பாதிப்பேர் அந்த இடத்தில் x அச்சின் மேலேயே கோடு இழுத்திருந்தார்கள்: ஒன்றும் இல்லை, ஆகவே பூச்சியம். இன்னும் சிலர் 4 இன் முனையிலிருந்து அடுத்த வட்டத்துக்கு நேரே சரிவாக இழுத்திருந்தார்கள். மூன்றாம் துண்டைப் பின்னுக்கு நீட்டினால் அச்சொட்டாக அந்த முனையில் போய் முட்டும். முட்டும்படிதான் வதனி கேள்வியைச் செய்திருந்தாள்.

ஏன் பிள்ளைகளை இப்படி வதைக்கிறாய் என்று கேட்டேன்.

"வதைக்கேல்ல. ஒண்டும் தராத இடத்தில கையை எடுக்கப் பழக்கிறன்" என்றாள்.

தாள்தாளாக ஒரே வாசகத்தைச் சிவப்பு மையில் எழுதிக்கொண்டு போனாள்: "இங்கு சார்பு இல்லை. இல்லை என்பது பூச்சியம் அல்ல." அந்தக் கட்டு பாதி முடிந்த நிலையில்தான் வெள்ளி காலைச் செய்தி வந்தது. பேனையை மூடிவிட்டு, பாடசாலையில் அரைநாள் லீவு எடுப்பதாகச் சொன்னாள். நண்டுக்கு முருங்கையிலை போடச் சொல்லி தேவன் கேட்பான் என்றாள்.

துறைமுகத்தில்

மீன்பிடித் துறைமுகத்துக்கு ஓட்டோவில் போனோம். சாப்பாட்டுக் கரியர் என் மடியில். சூடு சாரத்தைத் தாண்டித் தொடையில் இறங்கியது. ஐஸ் அரைக்கும் சத்தமும் டீசல் மணமும் வழக்கம்போல. படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிடந்தன.

நான் துறையின் கடைசிவரை நடந்து ஒவ்வொரு படகின் பெயரையும் வாசித்துக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது இன்னொருமுறை வாசித்தேன். எங்களுடையது இல்லை.

நௌபர் நானா கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். சிரித்துக்கொண்டுதான் இறங்கினார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கைபேசியை எடுத்தார். தூரம் பூச்சியம். மறுபடியும் எடுத்துப் பார்த்தார். பூச்சியம்தான்.

ஐஸ் கொட்டகைக்காரன் ஒருவன், "பெட்டி வந்திட்டுது, படகுதான் பிந்துது போல" என்று பகிடி விட்டான். யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் நானாவின் மனதில் ஓடியதும் அதுதான். அவர் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார்.

"அண்ணன், பெட்டியக் கழட்டி ஆரும் கரைக்குக் கொண்டு வந்தா இப்பிடித்தான் காட்டும். பெட்டி இஞ்ச எண்டா, படகு எங்க?"

படகுகளோடு பேசும் வானொலி அறையிலும் கேட்டுவிட்டாராம். நேற்றுப் பின்னேரத்திலிருந்து படகு பதில் சொல்லவில்லை. அதைச் சொல்லும்போது குரலை இன்னும் தாழ்த்தினார். பிறகு ஜும்மாத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று பள்ளிவாசலுக்குப் போனார். "தொழுதிட்டு வாறன். மறுகா பாப்பம்."

வதனி ஐஸ் கொட்டகைக்காரர்களிடம் கரியரை நீட்டிவிட்டாள். நண்டு ஆறிப்போகும், வீணாகக்கூடாது என்றாள். அவர்கள் முதலில் மறுத்து, பிறகு சாப்பிட்டார்கள். எனக்கு அந்த மணத்தைத் தாங்க ஏலாமல் இருந்தது.

ஒரு மழைப் பட்டியல்

கதையை இங்கே நிறுத்திக் கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஆய்வு செய்யும் பெண் ஒருவர் தம்பலகாமம் பக்கத்து மழைப் பட்டியல் ஒன்றைக் கொப்பி எடுக்கக் கொண்டு வந்தார். யாரோ பழைய தாள்களிலிருந்து திருப்பித் தட்டச்சு செய்தது. மாதம் மாதமாக எத்தனை மில்லிமீற்றர் என்று. நான் எதைக் கொப்பி எடுத்தாலும் வாசித்துவிடுவேன். கடைக்காரனுக்கு இருக்கக்கூடாத பழக்கம்.

சண்டைக் காலத்து வருடங்களில் வரிசையாகப் பூச்சியங்கள். கார்த்திகையிலும் பூச்சியம். மார்கழியிலும் பூச்சியம். அந்தப் பெண், அவ்வளவு வறட்சியா என்று என்னைக் கேட்டார். கடையில் கொப்பிக்குக் காத்து நின்ற தம்பலகாமத்துக்காரர் ஒருவர் பட்டியலை எட்டிப் பார்த்தார். அந்த வருடங்களில் ஒன்றில்தான் தன் வயல் முழுக்க வெள்ளத்தில் போனது என்றார். மழை பெய்தது. மழைமானியைப் பார்க்கப் போக ஆள் இருக்கவில்லை. பழைய தாளில் அந்தக் கட்டங்கள் வெறுமையாக இருந்திருக்க வேண்டும். தட்டச்சு செய்தவருக்கு வெறுமை பிடிக்கவில்லை.

இதை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தொடரின் ஆரம்பப் பகுதிகளில் ஒன்றிலும் எழுதியிருக்கிறேன். இருந்தும் அந்த வெள்ளிக்கிழமை துறையில் நின்றபோது அது ஞாபகத்துக்கு வரவில்லை. என் தம்பி அல்லவா பூச்சியத்தில் நின்றான்.

நானாவின் கைபேசி

நானா பள்ளியிலிருந்து திரும்பியபோது வதனி ஐஸ் கொட்டகைக்குள் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தாள். கைப்பையிலிருந்து வரைபுத்தாள் ஒன்றை எடுத்து மீன்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் விரித்திருந்தாள்.

"நானா, படகு இந்தத் துறையில கட்டிக் கிடக்கேக்க இது என்ன காட்டும்?"

"பூச்சியம்."

"போன மாதம் பற்றரி கழட்டி வேலை செய்தீங்கள் எண்டு தேவன் சொன்னவன். அப்ப?"

"அப்பவும் பூச்சியந்தான்."

"அப்ப படகு எங்க நிண்டது?"

"வாழைச்சேனையில. தச்சு வேலைக்குக் கரையில ஏத்தி வச்ச நாங்க."

"வாழைச்சேனையிலயிருந்து இந்தத் துறைக்குத் தூரம் பூச்சியமோ, நானா?"

அவர் கைபேசியை அவள் கையில் கொடுத்துவிட்டு இன்னொரு மீன்பெட்டியை இழுத்துப்போட்டு இருந்தார்.

நாங்கள் காலை எண்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் கோட்டைப் பார்த்தாள். வியாழன் பின்னேரம் வரை கோடு சரிவாக இறங்கி வந்தது. முந்நூறு அளவில் நின்றது. அங்கிருந்து கிணற்றுக்குள் கல் விழுந்த மாதிரி நேர்குத்தாகப் பூச்சியத்துக்குப் போய், பிறகு அடியிலேயே படுத்து ஓடியது.

"இதைப் பாருங்கோ" என்றாள், எங்கள் இரண்டு பேருக்கும். "முந்நூறில நிண்டது பூச்சியத்துக்கு வாறதெண்டா, இடையில இருநூற்றையும் கடக்கவேணும், நூறையும் கடக்கவேணும். படகு பாயாது. பெட்டியை ஆரும் கழட்டிக் கொண்டு வந்தாலும் அதே கடலைக் கடந்துதான் கொண்டு வரவேணும். இதில கடந்த அடையாளம் இல்ல."

பிறகு தன் தாளில் வரைந்தாள். புறப்பட்ட நாளில், பூச்சியத்தில், நிரப்பிய ஒரு புள்ளி. "இந்தப் பூச்சியம் உண்மை. இது நான் கண்ணால கண்டது." ஏறும் கோடு. அறுநூறில் படுத்த கோடு. இறங்கும் கோடு. வியாழன் பின்னேரத்தில் இன்னொரு நிரப்பிய புள்ளி. அதில் பேனை நின்றது.

நண்டு சாப்பிட்ட கொட்டகைக்காரன் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தான். "மிச்சம், ரீச்சர்?"

"மிச்சம் இல்ல. எந்தெந்த நேரம் படகு எங்க எண்டு தெரியுமோ அதுதான் ஆட்சி. அது இதில முடியுது. பெட்டிக்குக் கரண்ட் போயிட்டுது, அவ்வளவுதான் இதில இருக்கு. படகு மூழ்கித் தாண்டது எண்டு இதில இல்ல."

தாண்டது என்ற சொல்லை அன்று முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னவள் அவள்தான். சொல்லிவிட்டுப் பேனை மூடியைத் தேடினாள். அது அவள் மற்றக் கையில்தான் இருந்தது.

நானா எழும்பினார். பெட்டியைத் தேடி ஊருக்குள் அலைவதை விட்டு, படகைக் கடலில் தேட வேண்டும் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. பெட்டி கடைசியாகக் காட்டிய வியாழன் பின்னேரத்து இடத்தை வானொலி அறைக்குச் சொன்னார். அந்தப் பக்கம் நிற்கும் படகுகள் எல்லாவற்றுக்கும் அதைச் சொல்லிவிடுவதாக அங்கிருந்தவர்கள் உறுதி தந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வதனி திருத்திய தாள்களின் மேல் இருந்ததை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் எழுத்தைத்தான். "பாதி வகுப்புக்கு எழுதியிருக்கிறன். எழுதிப்போட்டுப் போய் நண்டு காய்ச்சியிருக்கிறன்" என்றாள்.

புள்ளிக் கோடு

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. நல்ல கடலென்றால் அந்தப் படகு ஒரு நாளைக்கு இருநூற்றைம்பது கிலோமீற்றர் ஓடும் என்று நானா சொல்லியிருந்தார். முந்நூறிலிருந்து அதே சரிவில் கோட்டை நீட்டினால் சனி விடிய முதல் பூச்சியத்தில் முட்டும். பென்சிலால் நீட்டினேன். வதனி பார்த்தாள். புள்ளிக் கோடாகப் போடச் சொன்னாள்.

சனி விடியலில் துறையில் நின்றேன். காலை போய், வெயில் ஏறியும் நின்றேன். வந்த படகுகள் எல்லாம் வேறு படகுகள். என் கோடு முட்டிய இடத்தைத் தாண்டி நேரம் போய்க்கொண்டேயிருந்தது. அழகாக முட்டுகிறது என்பதற்காக நம்பினேன், அந்தப் பிள்ளைகளைப் போல.

பின்னேரம் கடையைத் திறந்தேன். ரியூசன் பிள்ளைகள் குறிப்புகளோடு வந்தார்கள். ஒரு கட்டு முழுவதையும் தலைகீழாக அடித்துவிட்டு, பிறகு திருப்பி அடித்தேன். மான்களுக்கு நல்ல நாள். கைபேசி மெஷினுக்குப் பக்கத்தில் கிடந்தது. காலையில் நானா அனுப்பியிருந்ததும் பூச்சியம். அனுப்பாமல் விட அவருக்கு மனம் வரவில்லை. அனுப்பவும் மனம் வராமல், எண்ணை மட்டும் அனுப்பியிருந்தார்.

வீட்டுக்குள் வந்தபோது மேசையில் வரைபுத்தாள். அதன்மேல் ஒரு அழிறப்பர். வதனி குசினியில் இருந்தாள். நான் என் கோட்டை அழித்தேன். பென்சில் போனது, அதன் தடம் தாளில் பள்ளமாக இருந்தது. இன்றைக்கும் சாய்த்துப் பிடித்தால் தெரியும்.

நாற்பத்தொன்று

ஞாயிறு விடியலில் வந்த செய்தியில் சொல்லே இல்லை. "41" என்று மட்டும்.

அதற்குப் பின்னால் இன்னொன்று: "அண்ணன் 41".

குசினிக்குப் போய்க் கைபேசியை வதனிக்கு நீட்டினேன். அவள் கை ஈரம். சட்டையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்து, சுவரோரம் இருந்த கதிரையில் இருந்தாள். "நாற்பத்தொண்டு" என்றாள். "நாற்பத்தொண்டு எண்டால் பெட்டி உயிரோட இருக்கு." பிறகு, "பெட்டிக்குக் கரண்ட் குடுக்க ஒரு ஆள் வேணும்" என்றாள்.

துறைக்கு இவ்வளவு தூரம் என்பதை ஒரு நல்ல செய்தியாக நான் வாசித்தது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். இரண்டு நாட்களாகப் பூச்சியம் எங்கள் நெஞ்சில் ஏறி இருந்தது. நாற்பத்தொன்று அதை இறக்கி வைத்தது.

காலைச் சாப்பாட்டு நேரத்துக்குச் சற்றுப் பின் படகு வந்தது. எண் குறையக் குறைய நானா உரக்க வாசித்துக்கொண்டு நின்றார். கடைசியில் வாசிப்பதை விட்டுவிட்டுக் கையை ஆட்டத் தொடங்கினார். படகின் முன்பக்கம், அணியத்தில் தேவன். தாடியும் கறுப்புமாக, யாரோ மூத்த சித்தப்பாவைப் போல.

நடந்தது சின்ன விஷயம்தான். டைனமோ கருகிவிட்டது. பற்றரிகள் இறங்கிவிட்டன. வானொலி, பெட்டி, விளக்கு எல்லாம் போனது. கடல் குழம்பியதில் இஞ்சினும் ஒருமுறை நின்றது. நின்றதைத் திருப்பிக் கிளப்பப் பற்றரி இல்லை. மிதந்தார்கள். தெற்குப் பக்கத்துச் சிங்களப் படகு ஒன்று கண்டு கிட்ட வந்து, கயிற்றில் கட்டி ஒரு பற்றரியை இறக்கிக் கொடுத்தது. வானொலியில் சொன்னார்கள், தேடச் சொன்னார்கள் என்று அந்தப் படகுக்காரர் கையால் காட்டினாராம். தந்த பற்றரி இஞ்சினைக் கிளப்ப மட்டுமே போதுமாக இருந்தது. ஓடி வரும் வழியில் தேவன் டைனமோவைக் கழற்றி எதையோ எதனோடோ சேர்த்துக் கட்டி, ஞாயிறு விடியலில்தான் பெட்டிக்குக் கரண்ட் வரச் செய்தான்.

ஏறி வந்ததும் அவன் முதலில் சொன்னது, "பசிக்குது அண்ணி."

வதனியிடம் பாணும் இடிச்ச சம்பலும்தான் இருந்தன. அதற்குள் கொட்டகைக்காரன் வெள்ளிக்கிழமை நண்டைப் பற்றி முருங்கையிலை உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

"பூச்சியத்துக்கு நண்டுக் கறி. ஆளுக்குப் பாணும் சம்பலுமோ?" என்றான் தேவன், வாய் நிறையப் பாணோடு.

வதனி முதலில் சிரித்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றாள்.

நடுவில் உள்ள வெளி

அன்று பின்னேரம் வதனி வரைபுத்தாளை எடுத்து, ஞாயிறு விடியலில் நாற்பத்தொன்றில் ஒரு புள்ளி வைத்தாள். அங்கிருந்து கீழே கோடு. முடிவில், பூச்சியத்தில், நிரப்பிய புள்ளி. அந்தப் புள்ளியைத் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் நிரப்பினாள்.

நடுவில் இருந்த வெளி எனக்குப் பொறுக்கவில்லை. அங்கே நடந்ததை இப்போது ஆட்களே வந்து சொல்கிறார்களே, நிரப்பலாமே என்றேன். தேவனையும் படகின் ஸ்கிப்பர் ஜவாதையும் கடைக்குக் கூப்பிட்டு, தேத்தண்ணி கொடுத்துத் தனித்தனியாகக் கேட்டேன்.

மிதந்த நேரம் முழுக்க நீரோட்டம் தங்களை வெளியேதான் இழுத்தது, வீட்டிலிருந்து தூரப்போய்க்கொண்டே இருந்தோம் என்கிறான் தேவன். அப்படி இல்லை, நீர் கரைப்பக்கமாகத்தான் ஓடியது, பாதி வழியைக் கடலே கொண்டு வந்து விட்டது என்கிறார் ஜவாத். அவர் கடலில் முப்பது வருடம் போல நின்றவர். தேவன் அந்த நேரம் பெரும்பாலும் இஞ்சின் அறைக்குள் இருந்தவன். ஆனால் ஜவாத் அந்த நேரத்தில் பாதி நித்திரை என்கிறான் தேவன்.

வதனிக்கு இதில் அக்கறை இல்லை. "அறுநூறைத் தாண்டினதெண்டு ரெண்டு பேருமே சொல்லேல்ல. அதுக்குக் கீழ எந்தத் தூரத்தில நிண்டாலும் அது போகேக்கயே கடந்த தூரம்தான். வீச்சு மாறாது. பூச்சியத்தில இருந்து அறுநூறு" என்றாள். "ஆட்சியில மட்டும் ஒரு துண்டு இல்ல. அது இல்லாமலே இருக்கட்டும்."

வரைபு இப்போது என் கடை அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறது. வாடிக்கையாளர்கள் கேட்டால் காட்டுவேன். பற்றரி தந்த படகின் பெயரையும் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் இந்த வார இதழின் முகவரிக்கு எழுதலாம்.

வியாழன் பின்னேரத்துக்கும் ஞாயிறு விடியலுக்கும் நடுவில் அந்தப் படகு எந்தப் பக்கம் போனது என்பது, இதை எழுதும் இன்றைய நாள் வரை உறுதிப்படவில்லை. சாட்சிகள் இரண்டு பேர். இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள், இரண்டு பேரும் தங்கள் கதையை விடுகிறதாக இல்லை. தேவன் இப்போது பின்னறையில் குறட்டை விடுகிறான்.